இந்த நாளில் சென்னை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் ஒரு சின்னப் படிப்பகம். அதன் வாசலில் ஒரு கரும்பலகை. காலையில் கதவைத் திறந்ததும் தேதியைப் போட்டு, அந்த நாளில் சென்னையில் நடந்தது, பிறந்தவர், மறைந்தவர் என்று இரண்டு மூன்று வரி எழுதுவது என் பொறுப்பு. பேப்பர் படிக்க வரும் பெரியவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களும் பலகை முன்னால் நின்று கேட்கிற கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே பதிலோடு கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 22-ஐச் சென்னை நாள் என்கிறார்கள். அன்றைக்கு என்னதான் நடந்தது?

ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி கொள்முதல் செய்ய இந்தக் கரையில் ஓர் இடம் தேவைப்பட்டது. பிரான்சிஸ் டே இடம் தேடி வந்தார். மசூலிப்பட்டினத்தில் இருந்த அவருடைய மேலதிகாரி ஆண்ட்ரூ கோகன் துணை நின்றார். துபாஷாக, அதாவது இரு தரப்புக்கும் மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாளாக இருந்து பேச்சை நடத்தியவர் பேரி திம்மப்பா. விஜயநகர அரசரின் கீழ் இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் 1639-இல் அனுமதி கொடுத்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கிக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள்.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. பத்திரத்தின் நகல்களில் ஜூலை 22 என்று இருக்கிறது. ஆனால் டே இங்கே வந்து சேர்ந்ததே ஜூலை கடைசியில்தான். ஊருக்கே வராதவர் கையில் பத்திரம் கொடுத்திருக்க முடியாது. அதனால் மாதத்தை ஆகஸ்ட் என்று திருத்திக்கொண்டார்கள். விழாவாகக் கொண்டாடுவது 2004-இல் சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையாவும் அவருடைய நண்பர்களும் தொடங்கி வைத்தது.

அன்றுதான் இந்த ஊர் பிறந்தது என்று மட்டும் நான் எழுதுவதில்லை. பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கம்பெனி வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே திருவல்லிக்கேணியில் கோயிலும் இருந்தது, நிலத்துக்குக் கணக்கும் இருந்தது. ஆகஸ்ட் 22 கோட்டையைச் சுற்றி எழுந்த நகரத்தின் தொடக்க நாள். பலகையில் அப்படித்தான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்து ஆகஸ்ட் 22-ம் இன்றைய ஆகஸ்ட் 22-ம் ஒன்றுதானா?

இல்லை. பலகைக்கு வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1752 வரை இங்கிலாந்தும் அதன் கம்பெனிகளும் பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றின. பிரான்சும் போர்த்துகலும் அதற்கு வெகு முன்பே இப்போது நாம் வைத்திருக்கும் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டன. 1639-இல் இரண்டுக்கும் இடையே 10 நாள் வித்தியாசம். நம் கணக்கில் அந்தப் பத்திர நாள் செப்டம்பர் 1.

இந்தக் குழப்பத்தை நேரில் பார்க்க 1746-க்குப் போக வேண்டும். லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. ஆங்கிலேயர் குறிப்பின்படி கோட்டை சரணடைந்தது செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் குறிப்பின்படி செப்டம்பர் 21. ஒரே கோட்டை, ஒரே நாள், உள்ளே ஒரு தேதி, வெளியே ஒரு தேதி. இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கிற மாணவர் ஏதோ ஒன்று தப்பு என்றுதான் நினைப்பார். இரண்டும் சரி. 1752-இல் இங்கிலாந்து மாறியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. அதன்பிறகு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் உண்டு. பழைய ஆங்கிலக் கணக்கில் ஆண்டு பிறப்பது ஜனவரி 1 அல்ல, மார்ச் 25. கோட்டை ஆவணத்தில் 1677 பிப்ரவரி என்று இருந்தால் நமக்கு அது 1678 பிப்ரவரி. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தின் வேலை 1678 மார்ச் 25 அன்று தொடங்கியது. அவர்களுக்கு அது புத்தாண்டின் முதல் நாள். ஏன் அந்த நாளைப் பிடித்துத் தொடங்கினார்கள் என்பது இப்போது புரிகிறது அல்லவா? நல்ல நாள் பார்ப்பது நமக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை. 1680 அக்டோபர் 28 அன்று அர்ச்சிப்பு, அதாவது தேவாலயத்தை வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கும் சடங்கு நடந்தது.

பலகையில் ஆவணத்தில் உள்ள தேதியையே போடுகிறேன். 1752-க்கு முந்தையது என்றால் பக்கத்தில் "பழைய கணக்கு" என்று இரண்டு சொல். அது போதும்.

பாரதியார் நினைவு நாள் செப்டம்பர் 11-ஆ, 12-ஆ?

ஒவ்வொரு செப்டம்பரிலும் இதற்கு ஒரு வாக்குவாதம் நடக்கும். கேட்பவர்கள் திருவல்லிக்கேணிக்காரர்கள், விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

1921 செப்டம்பர் 11 இரவு. துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில் பாரதியார் படுத்த படுக்கையாக இருந்தார். உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, ஒன்றரை மணி அளவில். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அது 12-ஆம் தேதி. மாநகராட்சியின் இறப்புப் பதிவிலும் 12-தான் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் நாள் என்பது சூரியன் உதித்தால் தொடங்குவது. விடியும்வரை அது முந்தின நாளின் இரவுதான். "நேற்று ராத்திரி போய்விட்டார்" என்றுதான் காலையில் எவரும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சுவழக்கிலிருந்து வந்ததுதான் 11. அரசு மகாகவி நாள் என்று அறிவித்ததும் செப்டம்பர் 11-ஐத்தான்.

நான் 11-ஆம் தேதி பலகையில் "இன்று இரவு" என்று எழுதி, நேரத்தையும் சேர்த்துவிடுகிறேன். படிக்கிறவர்கள் இரண்டு தேதியும் எப்படி வந்தது என்று தாங்களே விளங்கிக்கொள்கிறார்கள்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு கேள்வி: யானை அடித்துத்தான் இறந்தாரா? பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழம் கொடுக்கப் போனபோது அது அவரைத் தள்ளிவிட்டது உண்மை. ஆனால் அந்தக் காயத்திலிருந்து தேறி, சுதேசமித்திரன் அலுவலக வேலைக்கும் திரும்பிவிட்டார். வயிற்றுக்கடுப்பு வந்து உடல் தளர்ந்தது அதற்கு அப்புறம். கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு மிகச் சிலரே உடன் போனார்கள். 39 வயது நிறையவில்லை. இதை எழுதும் நாளில் சாக்பீஸ் பிடிக்கவே கை கனக்கிறது.

தமிழ்நாடு நாள் நவம்பர் 1-ஆ, ஜூலை 18-ஆ? என் மகளின் பள்ளியில் ஒன்று சொல்கிறார்கள், என் அப்பா வேறொன்று சொல்கிறார்.

உங்கள் அப்பா சொல்வது எல்லை அமைந்த நாள். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. சென்னை மாநிலம் ஏறக்குறைய இன்றைய வடிவத்துக்கு வந்தது. மகள் சொல்வது பெயருக்கான நாள். 1967 ஜூலை 18 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2021-இல் அரசு ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாள் என்று அறிவித்தது.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: 1969 ஜனவரி 14. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பெயர் நடைமுறைக்கு வந்த நாள். அன்று பொங்கல். மூன்று வாரத்தில், பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார்.

இந்த மூன்றோடு நான் விடாமல் எழுதும் நான்காவது தேதி அக்டோபர் 13. தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 1956-இல் உயிர்விட்ட நாள். அவர் கண்மூடி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில்தான் நவம்பர் 1 வந்தது. அப்போது பெயர் மாறவில்லை. அவர் பெயரைச் சொல்லாமல் ஜூலை 18-ஐ எழுத எனக்கு மனம் வருவதில்லை.

மெட்ராஸ் என்ற நகரப் பெயர் சென்னை என்று மாறியது தனிக் கதை. அது 1996.

பக்கத்து மாநிலத்தின் கதையும் நம் ஊரில்தான் எழுதப்பட்டது. ஆந்திரத்துக்காக உண்ணாவிரதம் இருந்து 58-ஆம் நாள் பொட்டி ஸ்ரீராமுலு இறந்தது மயிலாப்பூரில், 1952 டிசம்பர் 15 இரவு. மறு ஆண்டு அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் உருவானது.

ஒரே தேதியில் சென்னையில் நடந்த இரண்டு பெரிய நிகழ்ச்சிகள் சொல்லுங்களேன்?

செப்டம்பர் 22.

1914-இல் அந்த இரவு, ஒன்பதரை மணி போல, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடலில் வந்து நின்று குண்டு வீசியது. தளபதி கார்ல் ஃபான் முல்லர். துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டுவிட்டுக் கப்பல் இருட்டில் மறைந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில், ஒரு குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். எத்தனையோ பேர் அதன் பக்கத்தில் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள், திரும்பிப் பார்ப்பவர் குறைவு. பாரிமுனைப் பக்கம் போனால் ஒரு நிமிடம் ஒதுக்கிப் படித்துப் பாருங்கள். எம்டனும் அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்துவைத்தது.

ஆஸ்திரேலியர்கள் 72 ஆண்டு கழித்து அதே செப்டம்பர் 22-இல் இங்கே இருந்தார்கள், சேப்பாக்கத்தில், கிரிக்கெட் மட்டையோடு. 1986 டெஸ்டின் கடைசி நாள். இந்தியாவுக்கு இலக்கு 348. ஸ்கோர் சமனாகி நின்றது. ஒரு ரன் போதும், கையில் ஒரு விக்கெட். கிரெக் மேத்யூஸ் வீசிய கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. 347-க்கு ஆட்டம் முடிந்து, டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது டை ஆனது. முதல் இன்னிங்ஸில் டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்ததும் இந்த ஆட்டத்தில்தான். அன்று மைதானத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எங்கள் படிப்பகத்துக்கு வருவார். கடைசிப் பந்தில் மட்டை பட்டதா இல்லையா என்று கேட்டுவிடாதீர்கள், அன்றைய பேப்பரை அவர் படித்து முடிக்க முடியாது.

என் பையன் டிசம்பர் 11-இல் பிறந்தவன். அன்று வேறு யார் பிறந்தார்கள்?

கொடுத்து வைத்தவன், அக்கா. 1882-இல் எட்டயபுரத்தில் பாரதியார். 1969-இல் மயிலாடுதுறையில் விசுவநாதன் ஆனந்த். ஆனந்த் வளர்ந்தது சென்னையில். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், பின்னாளில் ஐந்து முறை உலக சாம்பியன். அடுத்த நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 2024 டிசம்பர் 12 அன்று, சென்னையில் பிறந்த குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 18.

அதே டிசம்பர் 11-இல்தான், 2004-இல், எம்.எஸ். சுப்புலட்சுமி சென்னையில் மறைந்தார். பிறந்த நாள் கேட்டு வந்த குழந்தையிடம் மறைவைச் சொல்லலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாகச் சொல்லலாம். அன்று மாலை வீட்டில் அவர் பாட்டு ஒன்று ஒலிக்கட்டும்.

செப்டம்பர் 5 என்றால் ஆசிரியர் நாள் மட்டும்தானா?

ராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணிப் பக்கம் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தார், மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அதே தேதியில், 1872-இல், வ.உ.சிதம்பரனார் பிறந்தார். சிறையிலிருந்து வெளியே வந்தபிறகு வ.உ.சி. சென்னையில் குடும்பத்தோடு எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பதை ஆசிரியர்கள் அன்று வகுப்பில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அப்புறம், சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி நிறுவப்பட்டதும் 1857 செப்டம்பர் 5.

ஆகஸ்ட் 15-க்கு என்ன எழுதுவீர்கள்? அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

தெரிந்த நாளில்தான் தெரியாதவை நிறைய. 1947-இல் அன்று விடியற்காலை கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடியைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அதே கோட்டையில் அதற்கு 15 ஆண்டுகள் முன்பே மூவர்ணக் கொடி ஒரு முறை பறந்துவிட்டது. ஆர்யா என்ற பாஷ்யம், 1932 ஜனவரி 26-ஐ ஒட்டிய இரவில், காவலை மீறிக் கொடிமரத்தில் ஏறிக் கட்டினார். ஜனவரி 26 அப்போது குடியரசு நாள் அல்ல, காங்கிரஸ் 1930 முதல் சுதந்திர நாளாகக் கடைப்பிடித்த நாள்.

ஆகஸ்ட் 15-இல் முதலமைச்சர்கள் கொடியேற்றுவது 1974-இல் தொடங்கியது. அதற்கு முன்பு ஆளுநர்கள்தான் ஏற்றினார்கள். அந்த உரிமையைக் கேட்டு வாங்கியவர் கருணாநிதி. அடுத்த ஆண்டு அதே நாளில் சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. சுதந்திரத்துக்கு 40 ஆண்டு முன்பு, 1907-இல், இந்தியன் வங்கி திறந்ததும் ஆகஸ்ட் 15. முந்தின ஆண்டு அர்பத்னாட் வங்கி திவாலாகி ஊரில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. நம்மவர்களே ஒரு வங்கி நடத்த வேண்டும் என்ற எண்ணத்தில், வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று தொடங்கினார்கள்.

பிப்ரவரி 29-க்கு எழுத ஏதாவது இருக்கிறதா?

அருமையாக ஒன்று இருக்கிறது. கலாக்ஷேத்ராவை 1936-இல் அடையாறில் தொடங்கிய ருக்மிணி தேவி பிறந்தது 1904 பிப்ரவரி 29, மதுரையில். மொரார்ஜி தேசாய் பிறந்ததும் பிப்ரவரி 29-தான், 1896-இல். நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. அதனால் 1900-க்கு பிப்ரவரி 29 கிடையாது. 1896-க்கு அடுத்த பிப்ரவரி 29 வந்ததே 1904-இல். எட்டு வயதுச் சிறுவன் மொரார்ஜிக்கு முதன்முதலாகப் பிறந்த தேதி திரும்பி வந்த அன்றைக்குத்தான் ருக்மிணி தேவி பிறந்திருக்கிறார். பிரதமரான மொரார்ஜி 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி இவரைக் கேட்டார். ருக்மிணி தேவி வேண்டாம் என்றுவிட்டார்.

ராமானுஜனுக்கு டிசம்பர் 22 மட்டும் எழுதினால் போதாதா?

அது பிறந்த நாள், 1887, ஈரோடு. 2012 முதல் தேசியக் கணித நாள் என்று நாடே கொண்டாடுகிறது. சென்னைப் பலகைக்கு அவருடைய சென்னை நாட்கள் வேண்டும். 1912 மார்ச் 1 அன்று துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்தில், ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். 1914 மார்ச் 17 அன்று இங்கிருந்து கப்பல் ஏறினார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார், வயது 32. எனக்கு இதில் ஜனவரி 16-தான் பெரிய நாள். யாருக்கும் புரியாத கணக்கை மடித்து உறையில் போட்டுத் தபாலில் சேர்க்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

டிசம்பர் வந்தாலே பலகை நிறைந்துவிடுகிறதே, ஏன்?

பாதிக் காரணம் வானிலை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2015 டிசம்பர் 1-இல் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது, அடையாறு கரை கடந்தது. மறு ஆண்டு டிசம்பர் 12 வர்தா புயல், ஊரின் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. 2004 டிசம்பர் 26-இன் சுனாமிக்கும் பருவத்துக்கும் சம்பந்தமில்லை, அது சுமத்ராவில் வந்த நிலநடுக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பது மணியை ஒட்டி அலை வந்தது. பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் ஆட்களுக்கு அந்தத் தேதியைப் பலகையில் எழுதி நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

மீதி, தலைவர்களின் மறைவு. ராஜாஜி 1972 டிசம்பர் 25. பெரியார் 1973 டிசம்பர் 24. வாழ்நாள் முழுக்க எதிரெதிர்க் கொள்கை, வாழ்நாள் முழுக்க நட்பு. ராஜாஜியின் இறுதிச் சடங்கில் பெரியார் தேம்பி அழுதார். ஓர் ஆண்டு நிறைய ஒரு நாள் இருக்கும்போது அவரும் போனார். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5.

எங்கள் பாட்டி தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான் சொல்கிறார். அதை எப்படித் தேதியாக்குவது?

ஆண்டுப் பெயர், மாதம், நாள், நட்சத்திரம் நான்கும் கிடைத்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துச் சரியான தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பாரதியார் பிறந்தது சித்திரபானு ஆண்டு, கார்த்திகை 27, மூலம். சித்திரபானு 1942-இலும் வந்தது, 2002-இலும் வந்தது. அப்புறம், 1882-இல் கார்த்திகை 27 டிசம்பர் 11-இல் வந்தது, இப்போது 12 அல்லது 13-இல் வருகிறது. நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிடும் ஆண்டு நம் இங்கிலீஷ் ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். அது சேர்ந்து சேர்ந்து ஒரு நாளாகிவிடுகிறது.

பாட்டியின் கணக்கைக் குறைவாக நினைக்க வேண்டாம். இந்த ஊரின் ஆகப் பழைய நாள்காட்டியே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்தைப் பாருங்கள். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று பாட்டுக்கு ஒரு விழாவாக வரிசையாக வருகிறது. அந்தப் பங்குனிப் பெருவிழாவுக்குத்தான் இன்றும் மாட வீதிகளில் நிற்க இடமில்லாமல் கூட்டம் கூடுகிறது.

தாத்தாவின் சான்றிதழில் இருப்பது உண்மையான பிறந்த நாள் இல்லை என்கிறார்கள். சரியானதை எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தத் தலைமுறையில் இது சகஜம். கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று பள்ளியில் சேர்த்துக்கொண்டு, ஜூனில் வயது சரியாக வருகிற மாதிரி ஒரு தேதியை எழுதிவிடுவார்கள். பெரிய மனிதர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு 1892 ஆகஸ்ட் 9 என்றும் 12 என்றும் இரண்டு தேதி சொல்லப்படுகிறது. நூலகர் நாளாகக் கொண்டாடுவது 12.

தாத்தாவிடம் தேதி கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். அண்ணா இறந்தபோது எத்தனாவது படித்தீர்கள், கல்யாணம் எம்.ஜி.ஆர். இறப்பதற்கு முன்னாலா பின்னாலா, பிறந்தபோது மழைக்காலமா வெயில்காலமா என்று விசாரித்தால் ஆண்டும் மாதமும் நெருங்கி வந்துவிடும். நகரத்தில் பிறந்தவரானால் மாநகராட்சியின் பிறப்புப் பதிவையும் பார்க்கலாம்.

பலகையில் பெண்கள் குறைவாக இருக்கிறார்களே?

நியாயமான கேள்வி. பழைய ஆவணங்களை எழுதியவர்கள் பதவியில் இருந்தவர்களைத்தான் எழுதினார்கள், பதவியில் பெண்கள் இல்லை. அதனால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் ஜூலை 30-ஐப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றவர். சட்டமன்ற மேலவையில் இருந்து தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர். ஜூன் 18-ஐயும் எழுதுகிறேன்: 1954-இல் அடையாறில் அவர் புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கையோடு தொடங்கிய நாள்.

பள்ளி அறிவிப்புப் பலகைக்கு நாங்களே எழுத விரும்புகிறோம். எதைப் பார்த்துச் சரிபார்ப்பது?

செல்போனில் வரும் "வரலாற்றில் இன்று" பட்டியலை அப்படியே இறக்காதீர்கள். ஒருவர் செய்த தப்பை ஆயிரம் பேர் நகல் எடுத்திருப்பார்கள். எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. பழைய பத்திரிகையைப் பார்க்கும்போது, செய்தி வந்த தேதி வேறு, சம்பவம் நடந்த தேதி வேறு என்பதை மறக்க வேண்டாம். கிழமை கொடுத்திருந்தால் தேதியோடு பொருந்துகிறதா என்று போட்டுப் பாருங்கள், பாதித் தவறு அங்கேயே பிடிபடும்.

ஒவ்வொரு வரியிலும் ஓர் இடம் இருக்கட்டும். "1856 ஜூலை 1, தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது" என்றால் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் போய் அந்த ஸ்டேஷன் தூண்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். "1802 ஏப்ரல் 10, பரங்கிமலையில் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கினார்" என்றால் மலை ஏறுவார்கள்.

எங்கள் தெருவுக்கென்று தனியாக ஒரு பட்டியல் போட முடியுமா?

முடியும், அதைத்தான் எல்லோரும் செய்ய வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல், பாலம், கோயில் மண்டபம் என்று எல்லாவற்றிலும் அடிக்கல் அல்லது திறப்பு விழாக் கல் இருக்கும். தேதி, திறந்தவர், நன்கொடை கொடுத்தவர் என எல்லாம் அதில் இருக்கும். சுண்ணாம்பு அடிக்கும்போது எழுத்து மறைந்துவிடும், சுவரை இடித்தால் கல்லே காணாமல் போகும். ஆகவே முதலில் போட்டோ எடுங்கள், காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். அப்புறம் வரிக்கு வரி நோட்டில் எழுதிக்கொண்டு, அந்தத் தெருவில் ரொம்ப நாளாகக் கடை வைத்திருப்பவரிடம் போய் வாசித்துக் காட்டுங்கள். கல்லில் இல்லாத நாலு பெயரை அவர் சொல்வார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.